பழைய வேனுக்குப் புது பிளக்: எது பொருந்தும்?



குழுவாகச் சேர்ந்து தொழில் செய்பவர்கள் பலர் பழைய மாருதி ஆம்னி வேன் வாங்கி ஓட்டுகிறார்கள். சந்தைக்குக் காய்கறி, கண்காட்சிக்கு மசாலாப்பொடி, அப்பளம் என்று எல்லாச் சுமையும் அதில்தான் போகிறது. ஆம்னி தயாரிப்பு 2019-இல் நின்றுவிட்டது. ஆகவே நம் கையில் இருப்பது எல்லாமே வயதான வண்டிதான். வயதான வண்டி என்றால் இந்தப் புகாரும் வந்துவிடும்: "மேட்டுல திணறுதுக்கா. பெட்ரோல் ரொம்பக் குடிக்குது. மெக்கானிக் இன்ஜினைப் பிரிக்கணும்னு சொல்றார். சங்கத்துல கடன் போட்டுச் செஞ்சிரலாமா?"

கடன் தீர்மானம் எழுதுவதற்கு முன்னால் பிளக்கைக் கழற்றிப் பார்த்தீர்களா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

பிளக் செய்வது ஒரே வேலை. சிலிண்டருக்குள் வரும் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவைக்குச் சரியான நேரத்தில் தீப்பொறி வைப்பது. ஆம்னியில் 796 சி.சி. இன்ஜின், 3 சிலிண்டர், 3 பிளக். ஒன்று பொறி விடாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடுகிறது. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியாக வீணாக வெளியேறுகிறது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தது, இப்போது 12 தான் கொடுக்கிறது என்று வையுங்கள். மாதம் ஏறத்தாழ 17 லிட்டர் கூடுதல். லிட்டர் 100 ரூபாய் என்று கணக்குப் போட்டால் 1,700 ரூபாய். சாதாரண பிளக் மூன்றும் சேர்ந்தாலும் சில நூறு ரூபாய்தான்.

அதற்காகக் கடையில் எடுத்துக் கொடுக்கும் பிளக்கை வாங்கி மாட்டிவிடக் கூடாது. "பிளக் எல்லாம் ஒண்ணுதானே" என்பது தவறு. பார்க்க ஒன்று போலவே இருக்கும், மரையும் சரியாக ஏறும், ஆனால் இன்ஜினுக்கு ஆகாது. வண்டியோடு வந்த கையேட்டில் பிளக்கின் எண் அச்சாகியிருக்கும். கையேடு இல்லையென்றால் பிளக் கம்பெனியின் பட்டியலில் வண்டியின் மாடல், ஆண்டு, கார்புரேட்டர் வண்டியா எம்.பி.எஃப்.ஐ. வண்டியா என்று சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பிளக்கில் உள்ள எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். முன்பு வைத்திருந்தவர் எதை மாட்டினாரோ, யாருக்குத் தெரியும்?

அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. உதாரணத்துக்கு என்.ஜி.கே. கம்பெனியின் பி.பி.ஆர்.5.ஈ.எஸ். என்ற பிளக்கை எடுத்துக்கொள்வோம். முதல் 'பி' என்றால் மரையின் குறுக்களவு 14 மில்லிமீட்டர். அடுத்த 'பி' என்றால் பீங்கான் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 'ஆர்' என்றால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு. பொறியிலிருந்து கிளம்பும் மின் இரைச்சலை அது அடக்கும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் கம்ப்யூட்டர் பெட்டி இருப்பதால், கையேட்டில் 'ஆர்' போட்டிருந்தால் அது இல்லாத பிளக்கை வாங்கக் கூடாது. 'ஈ' என்றால் மரையின் நீளம் 19 மில்லிமீட்டர். நீளம் குறைந்தால் பொறி பள்ளத்துக்குள் ஒளிந்துகொள்ளும், கரி கட்டும். கூடினால் பிஸ்டனில் இடிக்கும் ஆபத்து உண்டு.

நடுவில் உள்ள '5' தான் முக்கியம். அது வெப்ப எண். பிளக்கின் நுனி ஏறத்தாழ 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் சூட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் கரியைத் தானே எரித்துக்கொள்ள முடியாது. மேலே போனால் பொறி வருவதற்கு முன்பே நுனியின் சூட்டிலேயே கலவை பற்றிக்கொள்ளும், பிஸ்டன் உருகி ஓட்டை விழும் வரை போகும். சூட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்வது ஹாட் பிளக். சீக்கிரம் வெளியே கடத்திவிடுவது கோல்டு பிளக். என்.ஜி.கே.யில் எண் ஏற ஏற கோல்டு. பாஷ் கம்பெனியில் நேர்மாறு, எண் ஏற ஏற ஹாட்! சாம்பியனும் பாஷ் மாதிரிதான். "அதுலயும் அஞ்சு, இதுலயும் அஞ்சு" என்று கம்பெனி மாற்றி வாங்கினால் வண்டி கெடுவது இதனால்தான். கம்பெனி மாற்றினால் ஒப்புமைப் பட்டியலைப் பார்த்தே வாங்க வேண்டும். (நம் ஊர்க் கடைகளில் இன்றும் 'மைக்கோ பிளக்' என்று கேட்கிறோம். அந்தக் கம்பெனியின் பெயர் 2008-இல் பாஷ் என்று மாறிவிட்டது. குழம்ப வேண்டாம்.)

அடுத்தது இடைவெளி, மெக்கானிக் பாஷையில் 'கேப்'. கார்புரேட்டர் வண்டிகளுக்குப் பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். எம்.பி.எஃப்.ஐ. வண்டிகள் பலவற்றுக்கு 1.0 முதல் 1.1 வரை. உங்கள் கையேட்டில் உள்ள அளவே முடிவு. புதுப் பிளக்காக இருந்தாலும் ஃபில்லர் கேஜ் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்டிக்குள் அடிபட்டு வளைந்திருக்கலாம்.

இனி, கழற்றிய பிளக்கைத் தூக்கி எறியாதீர்கள். எது எந்த சிலிண்டரில் இருந்தது என்று குறித்து, வரிசையாக ஒரு தாளில் வையுங்கள். இன்ஜின் உள்ளே என்ன நடக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும். வெளிர் பழுப்பு நிறம் என்றால் எல்லாம் சரி. உலர்ந்த கரி, அடுப்புக் கரி மாதிரி ஒட்டியிருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது, அல்லது பொறி பலவீனம். ஊருக்குள்ளேயே இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பும் வண்டியிலும் கரி சேரும். அதற்காக உடனே ஹாட் பிளக்குக்கு மாற வேண்டியதில்லை. நுனி வெள்ளையாக வெந்து கொப்புளம் தட்டியிருந்தால் இன்ஜின் மிதமிஞ்சிச் சூடாகிறது. அப்போது வண்டியை ஓட்டாமல் காரணத்தைத் தேட வேண்டும். பிளக் ஈரமாக, எண்ணெய்ப் பசையோடு இருந்தால் ஆயில் உள்ளே இறங்குகிறது.

ஒன்று மட்டும் கறுப்பாக இருந்தால் ஒரு எளிய சோதனை உண்டு. அதைச் சுத்தம் செய்து, பக்கத்து சிலிண்டரின் பிளக்கோடு இடம் மாற்றிப் போட்டு நூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். கறுப்பு அந்தப் பிளக்கோடேயே போனால் கோளாறு பிளக்கில்தான், செலவு அதோடு முடிந்தது. இடம் மாற்றியும் அதே சிலிண்டரில் வந்த பிளக் கறுத்தால் கோளாறு பிளக் ஒயரிலோ இன்ஜினிலோ இருக்கிறது. ஒயரை மாற்றிப் பார்த்தும் எண்ணெய்ப் பசை நிற்கவில்லை என்றால் கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். அதிலும் குறை தெரிந்தால் மெக்கானிக் சொன்னது சரிதான், கடனைப் பற்றிக் கூட்டத்தில் பேசலாம்.

இரிடியம் பிளக் பற்றியும் கேட்கிறார்கள். விலை பல மடங்கு, ஆயுளும் அதிகம். சாதாரண பிளக்குக்கு என்று வந்த பழைய இன்ஜினில் அதனால் இழுவை கூடிவிடாது. நம் கருத்தில், அந்தப் பணத்துக்கு ஆயிலும் காற்று வடிகட்டியும் மாற்றலாம்.

மாட்டும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஆம்னியில் முன் சீட்டைத் தூக்கினால் இன்ஜின் தெரியும். ஒயரைப் பிடித்து இழுக்காமல் மூடியைப் பிடித்துக் கழற்ற வேண்டும். ஒயர் ஒவ்வொன்றிலும் எண் ஒட்டிவிடுங்கள், மாறிப்போனால் வண்டி ஓடாது. பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதிய பிறகே கழற்ற வேண்டும். புதியதைக் கையாலேயே மரை ஏற்ற வேண்டும், ஸ்பேனர் பிறகுதான். சிலிண்டர் ஹெட் அலுமினியம், மரை போனால் செலவு பெரிது. கை முறுக்கு நின்றதும் வாஷர் உள்ள புதுப் பிளக்குக்கு ஸ்பேனரால் அரைச் சுற்று, மிஞ்சினால் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு, போதும்.

மூன்றையும் ஒன்றாக மாற்றுவதே நல்லது. ரசீது கேட்டு வாங்கி ரொக்கப் புத்தகத்தோடு வையுங்கள். வண்டி நோட்டில் தேதி, கிலோமீட்டர், பிளக் எண், இடைவெளி நான்கையும் எழுதுங்கள். 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை கழற்றிப் பார்க்கலாம். சாதாரண பிளக் 15,000 முதல் 20,000 வரை தாங்கும். கழற்றிய மூன்றில் நன்றாக உள்ள ஒன்றைத் துடைத்து, பிளக் ஸ்பேனரோடு துணியில் சுற்றி வண்டியிலேயே போட்டு வையுங்கள். இரவில் சந்தையிலிருந்து திரும்பும்போது ஒரு பிளக் போய்விட்டால் அதை வைத்து வீடு வந்து சேரலாம்.