தோல் பதனிடல்: வீட்டு முறையும் அதன் விஞ்ஞானமும்

உரித்த ஆட்டுத்தோலை அப்படியே போட்டு வைத்தால் மறுநாளே நாற்றமெடுக்கும். வெயிலில் காயவிட்டால் அழுகாது. ஆனால் பலகைபோல விறைத்துவிடும். நனைந்ததும் மீண்டும் அழுகத் தொடங்கும். நனைந்தாலும் அழுகாத, காய்ந்தாலும் வளையக்கூடிய பொருளாகத் தோலை மாற்றுவதே பதனிடல் ஆகும். இந்த வரைவிலக்கணத்தை மனதில் வைத்துக்கொண்டால் படிமுறைகளை மனனம் செய்யத் தேவையில்லை.

உப்பிடல்: தோலின் தசைப்பக்கத்தில், தோலின் நிறையில் ஏறத்தாழ அரைப்பங்கு உப்பைத் தேய்க்க வேண்டும். பற்றீரியாக் கலங்கள் பிரசாரணத்தால் நீரை இழப்பதால் அவற்றின் செயற்பாடு தடைப்படும். உப்பைக் கழுவினால் பாதுகாப்பும் போய்விடும். எனவே இது பதனிடல் அன்று. மாணவர் பலர் தவறுவது இங்கேதான்.

சுண்ணாம்பிடல்: கழுவிய தோலை நீறிய சுண்ணாம்பு கலந்த நீரில் ஏறத்தாழ ஒரு வாரம் ஊறவைத்து, நாள்தோறும் கிளற வேண்டும். கல்சியம் ஐதரொட்சைட்டு மயிர்வேரைப் பற்றியுள்ள புரதங்களைச் சிதைப்பதால், மழுங்கிய கத்தியால் வழித்தாலே மயிர் கழன்றுவிடும். மறுபக்கத்திலுள்ள தசையையும் கொழுப்பையும் வழித்துவிடுக. கையுறை அவசியம், சுண்ணாம்பு கண்ணிற் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அலுமினியப் பாத்திரம் கூடாது. காரம் அதனை அரிக்கும்.

அடுத்து, புளித்த தவிட்டு நீரில் தோலை ஊறவைப்பர். அதிலுள்ள சேதன அமிலங்கள் சுண்ணாம்பை நடுநிலையாக்கும். தோலின் ஓரத்தை வெட்டிப் பினோத்தலீன் ஒரு துளி இடுக. வெட்டுமுகம் இளஞ்சிவப்பானால் உள்ளே சுண்ணாம்பு மீதியுள்ளது.

இனி உண்மையான பதனிடல். எமது உலர் வலயத்தில் வளரும் ஆவாரையின் பட்டையை இடித்து நீரில் ஊறவைத்தால் தனின் கரைந்து வரும். தமிழ்நாட்டிலும் தோல் பதனிடுவோர் நெடுங்காலமாக இப்பட்டையையே பயன்படுத்தினர். தனின் மூலக்கூறுகள் தோலின் கொலாஜன் நார்களுடன் ஐதரசன் பிணைப்புகளால் இணைகின்றன. இவ்வாறு பிணைந்த புரதத்தைப் பற்றீரியாக்களின் நொதியங்கள் எளிதில் தாக்கமாட்டா.

கரைசலைத் தொடக்கத்திலேயே செறிவாக எடுத்தால் விரைவில் முடியாதா? முடியாது. வெளிப்புறம் சடுதியாகப் பதனிடப்பட்டு இறுகும்; தனின் உள்ளே பரவ வழியிருக்காது; நடுப்பகுதி பச்சையாகவே இருந்து பின்னர் அழுகும். ஆகவே ஐதான கரைசலில் தொடங்கிச் செறிவைப் படிப்படியாகக் கூட்டுக. சில வாரங்கள் பொறுக்க வேண்டும். தடித்த ஓரத்தை வெட்டிப் பாருங்கள். நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் முடியவில்லை. இரும்பு வாளி வேண்டாம். இரும்பு அயன்களுடன் தனின் சேர்ந்து தோலைக் கறுப்பாக்கும்.

இறுதியாகக் கழுவி, அரைகுறையாகக் காய்ந்த நிலையில் எண்ணெய் பூசி, நிழலில் உலர்த்தியபடியே இழுத்து இழுத்து மென்மையாக்க வேண்டும். இழுக்காவிட்டால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துவிடும்.

கழிவுநீரைக் கிணற்றடியில் ஊற்றக்கூடாது. யாழ்ப்பாணம் போன்ற சுண்ணக்கல் நிலத்தில் அது நிலத்தடி நீரை எளிதில் சென்றடையும்.

மாதிரி வினா: மத்தளத்தின் தோல் பதனிடப்பட்டதா? ஈரமான காலநிலையில் அதன் சுருதி இறங்குவது ஏன்?

விடை: இல்லை. அது மயிர் நீக்கி இழுத்துக் காயவைத்த பச்சைத்தோல். ஈரத்தை உறிஞ்சும்போது தளர்வதால் அதன் இழுவை குறையும். எனவே அதிர்வின் மீடிறனும் குறையும். “தனின் கரைந்துவிடும்” என்று எழுதினால் புள்ளி இல்லை. அதில் தனினே சேர்க்கப்படவில்லை.