புல்லட் கியர்பாக்ஸ் சொல்லித்தந்த பாடம்



கியர் டிரெயின் கணக்கை நாம் எல்லோரும் பரீட்சைக்குப் போட்டிருக்கிறோம். கையில் கிரீஸ் பட, ஒரு பழைய பிரிட்டிஷ் கியர்பாக்ஸைப் பிரித்துப் பூட்டிய அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். அதில் நான் செய்த தவறையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குப் போவேன். மேஸ்திரி ஐந்தாவது வரை படித்தவர். போன வருஷம் ஒரு பெரியவர், தன் அப்பா ஓட்டிய 350 சிசி புல்லட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். மேடு ஏறும்போது இரண்டாவது கியர் தானாகவே நழுவிவிடும். "நீதான் டிப்ளமோ படிக்கிறியே, நீயே பாரு" என்று மேஸ்திரி என்னிடம் விட்டுவிட்டார்.

புல்லட், இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் ராயல் என்ஃபீல்டு கம்பெனி உருவாக்கிய வண்டி. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோனது, இங்கே நிற்கவில்லை. அந்தக் காலத்து புல்லட்டில் இருப்பது பர்மிங்காம் ஆல்பியன் கம்பெனி வடிவமைத்த நான்கு கியர் பெட்டி. மிதி வலது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. பக்கத்தில் ஒரு சின்ன நியூட்ரல் மிதி. முதல் கியர் தவிர எதில் இருந்தாலும் அதை அமுக்கினால் நியூட்ரல் வந்துவிடும்.

உள்ளே மெயின் ஷாஃப்ட், லே ஷாஃப்ட் என்று இரண்டு. முதல் மூன்று கியர்களில் சக்தி மெயின் ஷாஃப்டிலிருந்து லே ஷாஃப்டுக்குப் போய், ஸ்லீவ் கியர் வழியாக செயின் ஸ்பிராக்கெட்டுக்கு வரும். நான்காவதில் நேராக ஸ்லீவ் கியரோடு பூட்டிக்கொள்ளும், ஒன்றுக்கு ஒன்று. பூட்டிக்கொள்வது ‘டாக்’. அதாவது கியரின் பக்கவாட்டில் கட்டை கட்டையாக நிற்கும் பற்கள்.

பெட்டியைப் பிரித்தேன். டாக்கின் முனைகள் மழுங்கி இருந்தன. "குற்றவாளி கிடைச்சுட்டான்!" என்று துள்ளினேன். பெரியவர் அலைந்து திரிந்து மாற்று கியர்களை வாங்கி வந்தார். பூட்டினேன். எண்ணெய் ஊற்றினேன். ஓட்டிப் பார்த்தால் அதே மேடு, அதே நழுவல். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

மேஸ்திரி வந்து கேட்டது ஒரே கேள்வி: "டாக் மழுங்கிச்சு, சரி. ஏன் மழுங்கிச்சு?"

என்னிடம் பதில் இல்லை. அவர் மிதிப் பக்க மூடியைக் கழற்றினார். அங்கே ராட்செட்டை நிறுத்தும் அட்ஜஸ்டர் பிளேட் இருக்கிறது. அது இடம் தள்ளி இருந்தது. அதனால் இரண்டாவது கியரில் டாக் முழுதாக உள்ளே போகாமல் பாதிதான் பிடித்திருக்கிறது. முழு அகலம் தாங்க வேண்டிய சுமையை நுனி மட்டும் தாங்கினால் மழுங்காமல் என்ன செய்யும்? நட்டைத் தளர்த்தி, பிளேட்டைக் கொஞ்சம் நகர்த்தி இறுக்கினார். அவ்வளவுதான், மேட்டில் கியர் நின்றது. இதைப் பார்க்காமல் வண்டியைக் கொடுத்திருந்தால் புது டாக்கும் அதே போல மழுங்கியிருக்கும், பெரியவர் பணமும் போயிருக்கும்.

பழைய கியர்பாக்ஸில் கை வைக்கும் நண்பர்களுக்கு:

1. உள்ளே பிரிக்கும் முன் வெளி அட்ஜஸ்ட்மென்ட்டைப் பாருங்கள். கியரில் நிறுத்தி மிதியை அசைத்தால் மேலும் கீழும் ஆட்டம் ஒரே அளவாக இருக்கணும்.

2. கழற்றிய வரிசையிலேயே எல்லாவற்றையும் செய்தித்தாளில் பரப்புங்கள். வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்று எழுதி வையுங்கள்.

3. ஸ்லீவ் கியர் புஷ், ஷிஃப்ட் ஃபோர்க், பேரிங் மூன்றின் தேய்மானத்தையும் பாருங்கள். கையால் ஆட்டிப் பார்ப்பது போதாது, அளந்து பாருங்கள்.

4. வராத பாகத்தைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். ஏன் வரவில்லை என்று முதலில் பாருங்கள்.

தேய்ந்த பாகம் விளைவு. அதைத் தேய்த்தது எதுவோ அதுதான் காரணம். விளைவை மாற்றிவிட்டுக் காரணத்தை அப்படியே விட்டால் அது ரிப்பேர் ஆகாது. இந்தப் பாடத்தை ஐந்தாவது படித்த ஒருவரிடம்தான் கற்றேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, பெருமைதான்.

– மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்