அம்பாசிடருக்கு வேறு சீட்டு: ரன்னரைப் பார்த்து வாங்குங்கள்

என்னிடம் இருப்பது 1984-ஆம் வருடத்து அம்பாசிடர் மார்க் 4. முன்னால் ஒரே நீளப் பெஞ்சு சீட்டு. கியர் ஸ்டியரிங்கை ஒட்டியே இருப்பதால் முன்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம்; கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அதன் அருமை தெரியும். தொல்லை வேறு இடத்தில். குள்ளமான என் மனைவி ஓட்டுவதற்காகச் சீட்டை முன்னால் இழுத்தால், பக்கத்தில் இருக்கும் ஆறடி மச்சானும் கூடவே நகர்ந்து டேஷ்போர்டில் முட்டியை இடித்துக்கொள்வான்.

1990-களில் இசுஸு இன்ஜினோடு வந்த 1800 ஐ.எஸ்.இசட். அம்பாசிடரில் கியர் தரைக்கு இறங்கியது. தனித்தனிப் பக்கெட் சீட்டு வைத்த வண்டிகளும் வந்தன. வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒரே வண்டிதான். அதனால் அந்தப் பக்கெட் சீட்டு மார்க் 4-க்குப் பொருந்துமா என்று சென்னை புதுப்பேட்டையின் பழைய கார் பாகக் கடைகளில் கேட்டால், "அப்படியே உக்காந்துரும் சார்" என்பார்கள். உட்காராது. கிழிந்த ரெக்சின், அமுங்கிப்போன ஃபோம் எல்லாவற்றையும் குஷன் கடைக்காரர் சரிசெய்துவிடுவார். விவகாரமெல்லாம் அடியில்தான்.

சீட்டு முன்னும் பின்னும் நகரும் தண்டவாளம்தான் ரன்னர். பெஞ்சுக்கு மொத்தமே இரண்டு ரன்னர் போதும். இரண்டு பக்கெட்டுக்கு நான்கு வேண்டும். உள்பக்கக் கால்கள் புரொப்பெல்லர் ஷாஃப்ட் போகும் நடுமேட்டை ஒட்டி வந்து நிற்கும். அங்கே தரையும் சமமில்லை, கம்பெனி போட்ட துளையும் இல்லை. ஆகவே வாங்கப் போகும்போது டேப் எடுத்துப் போங்கள். முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் உள்ள இடைவெளி, இடவல அகலம், நான்கு கால்களின் உயரம், இவ்வளவையும் குறித்துக்கொள்ளுங்கள். ரன்னரும் லாக்கும் இல்லாத சீட்டு மலிவாகக் கிடைக்கும். வேண்டாம்.

நான்கு காலில் ஒன்று மட்டும் சற்றுத் தூக்கிக்கொண்டு நிற்பது சகஜம். "முடுக்குனா உக்காந்துரும்" என்று பட்டறைப் பையன் ஸ்பேனரை எடுப்பான். கையைப் பிடித்து நிறுத்துங்கள். வலுக்கட்டாயமாக முடுக்கினால் ஃபிரேம் முறுக்கிக்கொள்ளும். ரன்னர் பாதியில் இறுகும். அல்லது ஒரு பக்க லாக் மட்டும் பல்லில் விழுந்து மறுபக்கம் சும்மா தொங்கும். நிற்கும் வண்டியில் இது தெரியாது. சடன் பிரேக் போட்டால் தெரியும். இடைவெளிக்கு ஏற்றபடி இரும்புத் தகடு வெட்டி அடியில் கொடுத்து, முழு நீளத்துக்கும் சீட்டை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்த பிறகே இறுக்க வேண்டும். இறுக்கியபின் இன்னொரு முறை தள்ளிப் பாருங்கள்.

புதுத் துளை போடுமுன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பது அவசியம். பிரேக் பைப்பும் பெட்ரோல் பைப்பும் அந்தப் பக்கம்தான் ஓடும். வெறும் தரைத் தகட்டில் போல்ட்டை நம்பக்கூடாது. மோதினால் வாஷரோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அடியில் உள்ளங்கை அகலத்துக்கு 3 மி.மீ. தகடு வையுங்கள், ஓரத்தை அரம் போட்டு மழுக்கி, ரெட் ஆக்சைடு அடித்து. துருப்பிடித்த தரையென்றால் முதலில் டிங்கர் வேலை, அப்புறம்தான் சீட்டு. வெல்டிங் வைக்கும்போது பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். கார்ப்பெட்டையும் சீட்டையும் வெளியே எடுத்துவிடுங்கள். ஃபோம் பற்றினால் அணைப்பது லேசான காரியமில்லை.

எல்லாம் முடிந்ததும் கிளட்சை முழுக்க மிதித்துப் பாருங்கள். அப்போதும் முழங்கால் சற்று மடங்கியே இருந்தால் தூரம் சரி. தலை கூரையில் தட்டுகிறதா, தொடை ஸ்டியரிங்கில் உரசுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சீட்டின் உயரத்தை ஒரு அங்குலம் குறைக்க, ஃபோமைச் செதுக்குவதைவிடக் காலைக் குறைப்பது மேல். ஃபோம் மெலிந்தால் இடுப்பு இரும்பில் உட்காரும்.

முன்வரிசையில் ஒரு ஆளுக்கு இடம் குறைகிறது அல்லவா? ஆர்.சி.யில் போட்டிருக்கும் இருக்கை எண்ணிக்கை அதனால் மாறுமா என்பதை வேலை தொடங்குமுன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். கழற்றிய பெஞ்சை எடைக்குப் போட வேண்டாம். அதன் போல்ட், நட்டுகளை ஒரு பையில் கட்டி அதிலேயே தொங்கவிடுங்கள். பழைய வண்டி வாங்க வருகிறவர் ஒரிஜினல் சீட்டு எங்கே என்றுதான் முதலில் கேட்பார்.