ஹெட் கேஸ்கெட் மாற்றும்போது

1961-இல் வெளிவந்த ஜாகுவார் இ-டைப் காரின் என்ஜினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். நடுவில் அவதிப்படுவது ஹெட் கேஸ்கெட். ரேடியேட்டர் நீரில் குமிழி, ஆயிலில் பால் நிறம், விடாத வெண்புகை கண்டால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டரில் தேங்கிய நீர் கனெக்டிங் ராடையே வளைத்துவிடும்.

என்ஜின் நன்றாக ஆறிய பிறகே நட்டுகளைத் தளர்த்த வேண்டும். கழற்றிய ஹெட்டை அப்படியே மேஜைமேல் வைத்தால், திறந்து நிற்கும் வால்வுகள் வளையும். இரு முனையிலும் மரக்கட்டை கொடுங்கள். அடிமுகம் மட்டமா என்று நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் வைத்துப் பாருங்கள். கோணியிருந்தால் புது கேஸ்கெட்டும் நிற்காது. பூட்டும்போது நடுவிலிருந்து ஓரம் நோக்கி, பல சுற்றுகளாக, டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். டீசல் ஷெட்டில் இளைஞர்களுக்கும் நான் இதையே சொல்வேன்: கைப்பழக்கத்தை நம்பாமல் அளவுப்படி இறுக்குங்கள்.