அறுவைச் சிகிச்சைக்குச் செல்லும் மாணவர்: அச்சம் தணிக்க ஆசிரியர் செய்யத்தக்கவை

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கு வந்து மாணவர்களைப் பரிசோதிக்கிறது. குடலிறக்கம், டான்சில் போன்ற குறைகளுக்குச் சிலர் மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்படுகின்றனர். மருத்துவருக்கு இது சிறு அறுவைச் சிகிச்சை. மேகமலைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கோ, சின்னமனூருக்கு மலையிறங்கி, க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லும் நெடும்பயணம். தோட்ட வேலைக்குச் செல்லும் பெற்றோருக்கு விளக்கிச் சொல்ல நேரம் குறைவு. அந்த இடத்தை ஆசிரியர் நிரப்பலாம்.

அச்சத்தின் வேர்

அச்சம் வயதுக்கேற்ப மாறும். தொடக்க வகுப்புப் பிள்ளை அம்மாவைப் பிரிய அஞ்சும். நோயைத் தன் குறும்புக்குத் தண்டனை என்றும் எண்ணும். உயர்நிலை வகுப்பு மாணவர், 'நடுவில் விழித்துவிட்டால்?', 'எழவே மாட்டேனோ?' என உள்ளுக்குள் மருகுவார். உடை மாற்றவும் கூச்சப்படுவார்.

செய்யத்தக்கவை

1. முதலில் கேளுங்கள்: "அங்கே என்ன நடக்கும்னு நினைக்கிறே?" தவறான எண்ணத்தை மட்டும் திருத்துங்கள்.

2. உண்மை சொல்லுங்கள். "வலிக்கவே வலிக்காது" என்றால், முதல் ஊசியிலேயே நம்பிக்கை போய்விடும். "சுருக்கென்று இருக்கும், சீக்கிரம் அடங்கும்" என்பதே சரி.

3. "தூங்க வைப்பார்கள்" என்று மட்டும் சொன்னால் பிள்ளை இரவில் தூங்கவே அஞ்சலாம். இது மருந்தால் வரும் தூக்கம், மருத்துவர் அருகிலேயே இருந்து கவனித்துக்கொள்வார், முடிந்ததும் விழிப்பு வரும் என விளக்குங்கள்.

4. வெறும் வயிற்றின் காரணத்தைக் கூறுங்கள். மயக்கத்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போகலாம். இது தெரிந்த பிள்ளை ஒளித்துப் பிஸ்கட் தின்னாது. எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவமனையே சொல்லும்.

5. சூடான தேநீரை ஊதி ஆற்றுவதுபோல் மெல்ல மூச்சுவிடப் பழக்குங்கள். பொம்மைக்குக் கட்டுப்போட்டு விளையாடச் செய்யுங்கள்.

6. உடனிருப்பவர் யார் என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே உறுதிசெய்யுங்கள். பிரிட்டனில் 1959இல் வெளியான பிளாட் குழு அறிக்கை, மருத்துவமனையில் உள்ள குழந்தையைப் பெற்றோர் தடையின்றிப் பார்க்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

தவிர்க்க வேண்டியவை

"படிக்கலேன்னா ஊசி போடச் சொல்வேன்" என்று வகுப்பில் மிரட்டாதீர்கள். "பெரிய பையன் அழலாமா?" என்றும் கேட்காதீர்கள். மாணவரின் நோயைப் பிறர் முன் பேசவும் வேண்டாம்.

உணவும் உறக்கமும் பல நாள் கெட்டால், சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் தெரிவிக்கப் பெற்றோரிடம் சொல்லுங்கள். திரும்பி வந்த மாணவரை ஓட்டம், பளு தூக்குதல் ஆகியவற்றிலிருந்து மருத்துவர் சொன்ன நாள்வரை விலக்கிவையுங்கள்; விடுபட்ட பாடங்களைப் பொறுமையாக நடத்துங்கள்.