காணாமற்போன வட்டும் லினக்ஸின் தொடக்க அமைப்பும்

கணிப்பொறியை முடுக்கியதும், வேர்ச் சாதனத்திற்காகக் காத்திருந்து கைவிட்டதாகத் திரையில் ஓர் அறிவிப்புத் தோன்றி, இயக்கம் அவ்வளவில் நின்றுவிடுவதுண்டு. வட்டு அழிந்தது என்றெண்ணி, இயக்குதளத்தைப் புதிதாக நிறுவ முற்படுவோர் பலர். இது பெருந்தவறாகும். பெங்களூரு அடுகோடியில், கால்நடைகளின் ஊட்டத்தையும் உடலியலையும் ஆராயும் பொருட்டு 1995-ஆம் ஆண்டில் ஒரு தேசிய நிறுவனம் அமைக்கப்பெற்றது. அத்தகைய ஆய்வு நிலையங்களில் பல்லாண்டு அளவீடுகள் வட்டுகளிலேயே தங்கியிருக்கும். அவசரப்பட்ட ஒரு மறுநிறுவல் அவற்றை அழித்துவிடக்கூடும்.

வட்டு உண்மையில் மறைவதினும் அதன் பெயர் மாறுவதே மிகுதி. முன்னாளில் ஐ.டி.இ. வட்டுகளை லினக்ஸ் 'எச்.டி.ஏ.' என்று வழங்கியது. 2007-ஆம் ஆண்டில் வெளியான ஃபெடோரா 7 முதலியவை புதிய இயக்கிகளை மேற்கொள்ளவே, அதே வட்டு 'எஸ்.டி.ஏ.' ஆயிற்று. பழைய பெயரையே அமைப்புக் கோப்பில் எழுதி வைத்திருந்தவர்கள் இடருற்றனர். இன்றும் புதிய வட்டொன்றைச் சேர்த்தால் 'ஏ' என்பது 'பி' ஆகலாம். பெயர்கள் கண்டறியப்படும் வரிசையைப் பொறுத்தவையே.

இயக்கத்தின் முறை இதுவாகும். கிரப் என்னும் ஏற்றி, கருநிரலையும் சிறியதொரு தொடக்கக் கோப்பமைப்பையும் நினைவகத்தில் இடுகிறது. பின்னர் வேர்ப் பகுதி தேடப்படுகிறது. சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற, டெபியன்வழி வந்த அமைப்புகளில் தேடல் பயனற்றுப்போயின் ஒரு கட்டளைக் குறி எஞ்சும். அங்கே முதற்கண் 'பிளாக்-ஐடி' கட்டளையை இட்டு, வட்டு தெரிகிறதா எனக் காண்க.

தெரிந்தால், பெயரே குற்றவாளி. தொடக்கப் பட்டியலில் 'ஈ' விசையை அழுத்தி, வேர்ப் பகுதியின் பெயரைத் திருத்தித் தற்காலிகமாக இயக்கலாம். பின்பு 'எஃப்ஸ்டாப்' கோப்பில் சாதனப் பெயருக்கு மாற்றாக யு.யு.ஐ.டி. என்னும் தனியடையாளத்தை எழுதி, 'அப்டேட்-கிரப்' கட்டளையால் தொடக்கப் பட்டியலைப் புதுப்பிக்கவேண்டும். ஒரு வட்டை அப்படியே படியெடுத்தால் அடையாளமும் படியெடுக்கப்படும் என்பதை மறத்தலாகாது; இரண்டையும் ஒருங்கே இணைத்துக் குழம்பியவர்கள் உண்டு!

தெரியாவிடில், குறை வேறிடத்தது. இணைப்பு வடம் தளர்ந்திருக்கலாம். பயாஸில் வட்டின் இயக்கமுறை ஏ.எச்.சி.ஐ.-யிலிருந்து ரெய்டிற்கு மாற்றப்பட்டிருக்கலாம். அன்றித் தொடக்கக் கோப்பமைப்பில் உரிய இயக்கி சேராதிருக்கலாம், அவ்வாறாயின் யு.எஸ்.பி. வழியே இயக்கி, பழைய அமைப்பினுள் நுழைந்து 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்' கட்டளையை நிறைவேற்றுதல் வேண்டும்.

தரவுகளை மட்டும் தாங்கும் துணை வட்டு காணாமற்போயினும் இயக்கம் ஏறத்தாழ 90 விநாடி காத்திருந்து, அவசர நிலைக்குச் சென்றுவிடும். அத்தகைய வட்டிற்குரிய வரியில் 'நோஃபெயில்' என்னும் சொல்லைச் சேர்த்துவிட்டால், அது இல்லாமலே கணிப்பொறி இயங்கும்.