மிஞ்சிய பெயிண்டும் வீட்டுப் பிள்ளையும்



பொங்கலுக்குக் கதவு, சன்னலுக்கெல்லாம் எனாமல் பெயிண்ட் அடித்து முடித்திருப்பீர்கள். டப்பாவில் கால்வாசி மிச்சம் இருக்கும். "ஏங்க, இதை என்ன பண்றது?" என்று மனைவி கேட்பார். "பரண்ல போடு, அடுத்த வருஷம் வண்டிக்கு ஆகும்" என்பார் கணவர். காசு கொடுத்து வாங்கிய பொருளை எடுத்து வைப்பது நல்ல சிக்கனம்தான். வைக்கிற விதத்தில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் டர்பன்டைன், தின்னரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயிண்டைவிட எனக்கு அதன் மேல்தான் பயம் அதிகம். பிரஷ் கழுவ வாங்கி, மிஞ்சியதைக் கலர் பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றித் திண்ணையோரம் வைத்துவிடுகிறோம். மண்ணெண்ணெயையும் அப்படித்தான் வைக்கிறோம். பார்வைக்குத் தண்ணீர் போலவே இருக்கும். இரண்டு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? தாகம் எடுத்தால் எடுத்துக் குடித்துவிடும். இப்படி ஊற்றி வைக்கிறவர்கள் அக்கறையில்லாத பெற்றோர் அல்ல; ஒரு சொட்டையும் வீணாக்காத வீட்டுக்காரர்களே. ஆகவே, வாங்கி வந்த டப்பாவிலேயே அது இருக்கட்டும். சாப்பிடும், குடிக்கும் பொருள் இருந்த எந்தப் பாத்திரத்துக்கும் அதை மாற்ற வேண்டாம்.

தவறிக் குடித்துவிட்டால் தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், பால், எண்ணெய் எதுவும் புகட்டாதீர்கள். வாந்தி வரும்போது இந்த எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நுரையீரல் புண்ணாகிவிடும். அதற்கு ஒரு மடக்கே போதும். நனைந்த சட்டையைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, 108-ஐக் கூப்பிடுங்கள். குடித்த பாட்டிலையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். "பிள்ளை நல்லாத்தானே விளையாடுது" என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் வரலாம்.

இனி பெயிண்டுக்கு வருவோம். எனாமல் பெயிண்ட் காற்றுப் பட்டால் இறுகும். பாலில் ஆடை படிகிற மாதிரி மேலே தோல் கட்டும். டப்பாவில் வெற்றிடம் அதிகமானால் உள்ளே காற்றும் அதிகம். எனவே விளிம்பில் ஒட்டிய பெயிண்டைத் துணியால் சுத்தமாகத் துடைத்து, வாய் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, மூடியை வைத்து, அதன் மேல் மரக்கட்டையை வைத்துச் சுற்றிலும் தட்டி இறுக்குங்கள். சுத்தியலால் நேரே அடித்தால் மூடி நெளிந்து காற்று நுழையும். மூடியில் மாதம், வருஷம், எந்த இடத்துக்கு அடித்தது என்று எழுதி வையுங்கள். அடுப்புப் பக்கமும் வெயிலும் ஆகாது. ஈரத்தரையில் வைத்தால் டப்பா துருப்பிடித்து ஓட்டையாகும். பிள்ளைக்கு எட்டாத உயரமான, நிழலான இடமே சரி.

மறுபடி திறக்கும்போது தோல் கட்டியிருந்தால் கலக்கிவிடாதீர்கள். ஓரத்தைக் கத்தியால் அறுத்து முழுசாக எடுத்துப் போட்டுவிட்டு, அடியில் தங்கியதைக் கிளறி, மெல்லிய துணியில் வடிகட்டினால் அடிக்கலாம். சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் தண்ணீரில் கரைவது. தண்ணீர் கலந்து மிஞ்சியதை மறுபடி டப்பாவில் ஊற்றினால் மொத்தமும் கெட்டுப்போகும். திறந்ததும் அழுகல் நாற்றம் வந்தால் அது ஆகாது.

மிகப் பழைய டப்பா இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் கூடுதலாக இருக்கலாம். அதைத் தொட்டில், நடைவண்டி, பொம்மைக்கு அடிக்க வேண்டாம். பிள்ளை கடிக்கும். மாட்டுக் கொம்புக்கும் வேண்டாம். மாடுகள் ஒன்றையொன்று நக்கும். பழைய பெயிண்டை உப்புத்தாள் போட்டுக் காய்ந்தபடியே தேய்த்தால் ஈயம் தூசியாகப் பறக்கும். கர்ப்பமாக இருக்கும் தாய் அந்தப் பக்கமே வரக் கூடாது. ஈயம் தாயின் ரத்தம் வழியாக வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

வேண்டாத பெயிண்டைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். கொஞ்சமாக இருந்தால் டப்பாவிலேயே மணலைப் போட்டுக் கிளறி, நெருப்பில்லாத காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகளுக்கும் ஆடு மாடுகளுக்கும் எட்டாமல் இறுக விடுங்கள். இறுகிய பிறகு டப்பாவோடு ஊராட்சிக் குப்பை வண்டியில் தனியாகக் கொடுங்கள். உள்ளே இருப்பது பெயிண்ட் என்று சொல்லியே கொடுங்கள்.